முதல் வருஷ நினைவு நாள்: எங்கிருந்து தொடங்குவது?

அப்பா இறந்து பதினோரு மாதம் ஆனபோது சித்தப்பா போன் செய்தார். "தலைத் திவசம் வருதேப்பா, என்ன செய்யப்போறே?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் எல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன இடத்தில் நான் நின்றேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் செய்தாகிவிட்டது. சொதப்பிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சடங்கு முறை இதில் கிடையாது, அதை உங்கள் வீட்டு வழக்கம் சொல்லும். சடங்கு முடிந்தபின் மிச்சமிருக்கும் அரை நாளைப் பற்றித்தான் இது.

முதல் படி: நாளும் ஆளும்

திதி சந்திரக் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகாது, முன்னும் பின்னும் நகரும். வாரநாளில் வந்தால் படையலை வீட்டோடு அன்றைக்கே முடித்துவிட்டு, ஒன்றுகூடலை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். கிறிஸ்தவ வீடுகளில் பெரும்பாலும் தேதிதான் கணக்கு, அதனால் அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு மாதம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். பங்காளிகள், மாமன்மார், அத்தைமார் எல்லோரையும் போனிலேயே கூப்பிடுங்கள். வாட்ஸாப்பில் மட்டும் போட்டால் "எனக்குச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு அடுத்த கல்யாணம் வரை ஓடும். சொந்தத்துக்கு வெளியே இரண்டு மூன்று பேராவது வரட்டும்: கடையில் கூட வேலை பார்த்தவர், தினமும் சேர்ந்து டீ குடித்தவர். நமக்குத் தெரியாத அப்பா அவர்களிடம்தான் இருக்கிறார்.

இரண்டாம் படி: பேச வைப்பது

முதல் வருஷம் போட்டோவுக்கு மாலை போட்டோம், விளக்கேற்றினோம், எல்லோரும் கும்பிட்டார்கள். இலை போட்டதும் பேச்சு பைபாஸ் பக்கம் மனை விலைக்குப் போனது. மூன்று மணிக்கு வீடு காலி. அப்பாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருஷம் இரண்டு விஷயத்தை மாற்றினேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழைய போட்டோவோ பொருளோ கொண்டுவர வேண்டும் என்றேன். பேச்சைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தேன், ஏனென்றால் பாயசத்துக்கு அப்புறம் யாரும் விழித்திருப்பதில்லை. அத்தை தன் கல்யாணத்துக்கு அப்பா தைத்துக்கொடுத்த ரவிக்கையை எடுத்துவந்தார். அப்பா தையல்காரர். அதில் ஒரு கொக்கியின் இடம் தப்பியிருந்ததாம்; தாலி கட்டும் நேரம் வரை அத்தை அதற்காக அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். அந்த ஒரு ரவிக்கையிலேயே அரை மணி நேரம் போனது.

"அவரைப் பத்திச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள்: அவரிடம் கடைசியாகச் சண்டை போட்டது யார்? யாரிடம் கடன் வாங்குவார்? எந்த சினிமாவுக்கு அழுதார்? வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கினால் மற்றவர்களுக்கும் கூச்சம் போய்விடும். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள், எங்கள் முதல் பதிவில் பாதி கேஸ் புக்கிங் அழைப்பு. கொண்டுவந்த போட்டோக்களின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும்.

மூன்றாம் படி: என்ன தர்மம் செய்வது

முதல் வருஷம் ஒரு இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுத்தோம், விசாரிக்காமல். அன்று அமாவாசை. எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்கள் சாப்பாடு இறக்கியிருந்தன. அண்டா சாம்பார் அப்படியே நின்றது. ஆகவே முதலில் போன் செய்து, எந்த நாளில் யாரும் தருவதில்லை, சமைத்த உணவா அரிசி பருப்பா என்று கேளுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். அங்கிருக்கும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நன்றாக இல்லை.

என்ன செய்வது என்பதற்கான பதில் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே கிடைத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது. டீக்கடை நண்பர் சொன்னார்: ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அப்பா பிள்ளைகளின் சீருடையைக் காசு வாங்காமல் ஆல்டர் செய்து தருவாராம். சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு நான்கு செட் சீருடை தருகிறது. ஆனால் தோள் ஒரு பக்கம் இறங்கும், கால்சட்டை இடுப்பில் நிற்காது. தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஜூனில் ஒரு சனிக்கிழமை இரண்டு தையல்காரர்களைப் பள்ளி வராந்தாவில் உட்கார வைத்தோம். அவர்களுக்கு முழு நாள் கூலி கொடுத்தோம். நம் தர்மத்துக்கு அடுத்தவர் உழைப்பை இலவசமாகக் கேட்கக்கூடாது.

உங்கள் அம்மா புத்தகம் படிப்பவர் என்றால், ஊர்க் கிளை நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டி அவர் நினைவாகப் புரவலர் ஆகலாம். ரத்ததான முகாம் என்றால் உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் நடத்த முடியும். நீங்கள் இடமும் ஆளும் பிடித்துத் தர வேண்டும். கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயதுக்குள், எடை குறைந்தது 45 கிலோ. காலையில் விரதம் இருந்த சொந்தக்காரர்களைப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: பணம்

சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு கொடுத்ததாகத் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழடாகும். மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் பணத்தில் கை வைக்காதே என்பதை இதைவிட அழகாக யாரும் சொல்லவில்லை.

அதனால் குடும்பத்தில் எல்லோரும் போட்டுச் சேரும் பணத்தை அந்த வருஷமே செலவழித்துவிடாமல் ஒரு பகுதியை வைப்பில் போடுங்கள். ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருஷம் 7,000 ரூபாய். எங்கள் இரண்டு தையல்காரர்களின் கூலிக்கும் நூலுக்கும் அது போதும். இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, ஒரு நோட்டு, யார் எவ்வளவு தந்தார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அறக்கட்டளை பதிவு செய்கிறேன் என்று முதல் வருஷமே கிளம்பாதீர்கள். பத்திரம், வருடாந்திரக் கணக்கு, ஆடிட்டர் கட்டணம் என்று 7,000 ரூபாய் அதிலேயே கரைந்துவிடும். வேறு அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக இருந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வேண்டாம், அதற்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது.

சீருடை வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: பித்தான் நிறைய வாங்கி வையுங்கள். நாங்கள் வெள்ளைப் பித்தான் ஒரு பாக்கெட் வாங்கினோம், பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. அப்புறம் அம்மா வீட்டிலிருந்து அப்பாவின் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தனுப்பினார். அதில் எல்லா நிறமும் இருந்தது. அன்றைக்கு நாலைந்து பிள்ளைகள் ஒரே ஒரு பச்சைப் பித்தானோடு வீட்டுக்குப் போனார்கள்.