'பாலே ரூஸ்' ஆவணப்படத்தின் விமர்சனங்களைப் படிக்கும் முறை

டேய்னா கோல்ட்ஃபைன், டான் கெல்லர் இருவரும் இயக்கி 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாலே ரூஸ்' ஆவணப்படம் விமர்சகர்களின் மனமார்ந்த பாராட்டைப் பெற்றது. அந்தப் பாராட்டு எதற்காகக் கிடைத்தது என்பதை விமர்சனங்களிலிருந்தே கண்டறிய விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் குழுவைப் பற்றிய படம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். 1909-இல் ரஷ்யக் கலை அமைப்பாளர் தியாகிலெவ் பாரிசில் மேடையேற்றிய 'பாலே ரூஸ்' என்ற புகழ்பெற்ற பாலே நடனக் குழு, 1929-இல் அவர் மறைந்ததோடு கலைந்துபோனது. படத்தின் பெரும்பகுதியோ, 1932-இல் ரெனே புளூமும் கர்னல் த பாசிலும் மாண்டி கார்லோவில் அமைத்த குழுவையும், அது பின்னர் இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று போட்டியிட்ட ஆண்டுகளையும் பற்றியது. எனவே, தியாகிலெவ் குழுவின் நட்சத்திர நடனக் கலைஞர் நிஜின்ஸ்கிக்குப் போதிய இடமில்லை என்று குறைப்படும் விமர்சனம் எதையேனும் கண்டால், அது வேறொரு படத்தைக் கேட்கிறது என்றே கொள்ள வேண்டும்.

படி 2: விமர்சனத்தைத் திறக்கும் முன் படத்தைப் பாருங்கள்.

2000-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் இந்தக் குழுக்களின் முன்னாள் நடனக் கலைஞர்கள் ஒன்றுகூடிய நிகழ்வே படத்துக்கு வித்திட்டது. நதாலி கிராசோவ்ஸ்காவும் ஜார்ஜ் ஸோரிச்சும் எண்பது வயதைக் கடந்த பிறகு 'ஜிசெல்' பாலேயின் ஒரு பகுதியை மீண்டும் நடித்துக் காட்டும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். உடல் தளர்ந்திருந்தாலும் கைகளின் நளினமும் கண்களின் குறும்பும் அப்படியே இருக்கின்றன. இந்தப் படத்தை விமர்சகர்கள் ஏன் இவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

படி 3: விமர்சனத்தின் வாக்கியங்களைப் பிரித்துக் கோடிடுங்கள்.

தகவலுக்கு ஒரு நிறம், தீர்ப்புக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று என மூன்று பென்சில்கள் போதும். 'நெகிழ வைக்கும் படம்' என்பது தீர்ப்பு மட்டுமே. எந்தப் பேட்டி, எந்தப் பழைய காட்சித்துணுக்கு நெகிழ வைத்தது என்று சொல்லும்போதுதான் அது காரணமாகிறது. காரண நிறமே இல்லாத விமர்சனத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: எழுதியவர் திரை விமர்சகரா, நடன விமர்சகரா என்று பாருங்கள்.

திரை விமர்சகர் நினைவுகூரல்களின் சுவையையும் படத்தொகுப்பையும் எடைபோடுவார். நடன விமர்சகரோ, 1933-இல் சைகோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனிக்கு நடன அமைப்பாளர் மாசீன் அமைத்த 'லே பிரசாஜ்' போன்ற படைப்புகளின் நடன அமைப்பை, எஞ்சியிருக்கும் சிறு துணுக்குகளைக் கொண்டு படம் எந்த அளவு உணர்த்துகிறது என்று கேட்பார். இரு வகையிலும் ஒவ்வொன்றையாவது படியுங்கள்.

படி 5: விமர்சனம் எதைக் கடந்து போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1955-இல் குழுவில் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் ரேவன் வில்கின்சன், அமெரிக்கத் தென் மாநிலங்களில் இனவெறியர்களின் மிரட்டலை எதிர்கொண்டார். அதை அவரே படத்தில் சொல்கிறார். ஒரு விமர்சனம் அவருக்கு எத்தனை வரிகள் தருகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை உங்கள் குறிப்பில் விமர்சகரின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.