கதையை வாசிச்ச ஆக்களோட பொன்னியின் செல்வன் படம் பாக்கிறது எப்பிடி

நாவலைக் கரைச்சுக் குடிச்ச ஆளைப் பக்கத்தில வச்சுக்கொண்டு படம் பாக்கிறது லேசில்லை, கிளிநொச்சியில எங்கட அம்மம்மாவோட பாத்ததில சொல்லுறன். 2022 இல வந்த முதல் பாகத்தையும் 2023 இல வந்த ரெண்டாம் பாகத்தையும் ஒரேநாளில போடாதேங்கோ, அவைக்குக் கதைக்க நேரம் வேணும். முதல்ல கல்கியிட முதல் அத்தியாயத்தைச் சத்தமா வாசியுங்கோ, ஆடிப்பெருக்கு நாளில வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையால குதிரையில வாற இடம், நான் வாசிக்க அம்மம்மா கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சிட்டு "எங்கட இரணைமடுக் குளம் முட்டி நிக்கிற மாதிரி" எண்டா, பிறகு படம் போர்க்களத்தில தொடங்கேக்க கோவமே வரேல்லை.

நாவலில வாற மணிமேகலை படத்தில இல்லை, சேந்தன் அமுதனுக்கு நாவலில வாற முடிவும் இல்லை, இதை முதலே சொல்லிவிடுங்கோ, இல்லாட்டிக் கடைசிமட்டும் தேடிக்கொண்டிருப்பினம்.

சோழ இளவரசன் அருள்மொழி இலங்கையில நிக்கிற பகுதி வந்தா கட்டாயம் நிப்பாட்டுங்கோ. அந்தக் காடுகளை வாசிக்கேக்க அம்மம்மா நினைச்சது முறிகண்டிப் பக்கத்துப் பாதையைத்தானாம், பாலைமரம், வீரைமரம், யானை லத்தி எல்லாத்தோடையும், அதைச் சொல்லி முடிக்க அரைமணித்தியாலம் போச்சு, நான் ரிமோட்டைத் தொடவேயில்லை.