பழைய சான் ஹுவான்: சிலையில் தொடங்கிக் கோட்டையில் முடியும் நடைப்பயணம்

புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் எல் மொர்ரோ கோட்டைக்கே நேராக விரைகிறார்கள். நான் வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறேன்.

படி 1: சான் ஹோசே சதுக்கத்தில் நிற்கும் ஹுவான் பொன்சே டி லியோன் சிலையிலிருந்து தொடங்குங்கள். தீவின் முதல் ஸ்பானிய ஆளுநரான இவருடைய வெண்கலச் சிலை, 1797-இல் அபர்குரோம்பியின் தலைமையில் நகரைத் தாக்கித் தோற்ற ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி, 1882-இல் வார்க்கப்பட்டது. தீவின் பூர்வகுடிகளான டையினோ மக்களை ஒடுக்கிய இவருக்குச் சிலை தேவையா என்ற கேள்வியும் அங்கே உண்டு. ஸ்பெயின் மன்னர் வரவிருந்த 2022 ஜனவரியில் எதிர்ப்பாளர்கள் இதைக் கீழே தள்ளினார்கள், ஆனால் விரைவிலேயே மீண்டும் நிறுத்திவிட்டார்கள்.

படி 2: சதுக்கத்தை ஒட்டியுள்ள, 1532-இல் கட்டத் தொடங்கிய சான் ஹோசே தேவாலயத்தைப் பாருங்கள். பொன்சேயின் எலும்புகள் இங்கேதான் நெடுங்காலம் இருந்தன.

படி 3: வெயில் ஏறுவதற்குள் எல் மொர்ரோவுக்கு நடந்துவிடுங்கள். எதிரி மறைந்து நெருங்க இடமின்றி வெட்டவெளியாக விடப்பட்ட புல்வெளியைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும் என்பதால், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். 1539-இல் தொடங்கி ஆறு தளங்களாக வளர்ந்த இக்கோட்டை துறைமுக வாயிலைக் காத்தது. 1595-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி டிரேக்கின் கப்பல்களையும் விரட்டியது. நுழைவுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதே சீட்டு அடுத்த கோட்டைக்கும் செல்லும்.

படி 4: மதில் ஓரமாக இறங்கிச் சான் ஹுவான் வாயிலை அடைந்து, அங்கிருந்து மேலேறும் தெரு வழியே பேராலயத்துக்குச் செல்லுங்கள். பொன்சேயின் இன்றைய சலவைக்கல் கல்லறை அங்கே உள்ளது.

படி 5: நகரின் கிழக்கு முனையிலுள்ள சான் கிறிஸ்டோபல் கோட்டைக்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். 1598-இல் ஆங்கிலேயரான கம்பர்லாந்து பிரபு கடலை விட்டுத் தரைவழியே வந்து எல் மொர்ரோவைப் பிடித்ததால் வெளிப்பட்ட குறையை அடைக்கவே, 1634-இல் தொடங்கி இதைப் பெருக்கிக் கட்டினார்கள். அபர்குரோம்பியும் கிழக்கே தரையிறங்கித்தான் வந்தார். இம்முறை நகரின் கிழக்குக் காவல் அசையவில்லை. சுரங்கப்பாதைகளும் மழைநீர்த் தொட்டிகளும் கொண்ட இக்கோட்டையில் கூட்டமும் குறைவு. நேரம் போதாவிட்டால் எல் மொர்ரோவைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இதைச் சுருக்காதீர்கள்.