சாலையை ஓரத்திலிருந்து வரையுங்கள்

வரைபடத்தில் முதலில் வாகனத் தடங்களைப் போட்டுவிட்டு, ஓரத்தில் மிஞ்சியதற்கு நடைபாதை என்று பெயர் வைப்பதில்தான் பெரும்பாலான சாலைகள் கெடுகின்றன. இரண்டு பக்கத்து மதில் சுவர்களிலிருந்தும் உள்நோக்கி அளந்து வாருங்கள். வாகனங்களுக்குக் கடைசியில் இடம் ஒதுக்கினால் போதும்.

மதிலுக்கு மதில் 24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் சுவரோரம் 0.5 மீட்டர் விடுங்கள். வாசற்படியும் பெயர்ப்பலகையும் அதற்குள் அடங்கட்டும். அடுத்து, தடையே இல்லாமல் நடக்க 2 மீட்டர். இது 1.8-க்குக் குறைந்தால் எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலக முடியாது. விளக்குக் கம்பம், மின்பெட்டி, குப்பைத்தொட்டிக்கு 0.75. சைக்கிள் பாதைக்கு 2 மீட்டர். அதற்கப்பால் 0.75 மீட்டர் இடைத்திட்டு; நிற்கும் காரின் கதவு சட்டென்று திறந்தால் சைக்கிள்காரரைக் காப்பது இதுதான். பக்கத்துக்கு 6 ஆக, 12 மீட்டர் போயிற்று. மீதி 12-இல் 3 மீட்டர் தடம் இரண்டு, நடுவே 2 மீட்டர் திட்டு, இரு ஓரமும் 2 மீட்டர் பார்க்கிங் பட்டை. தடத்தை 3.5 ஆக்கச் சொல்லி அழுத்தம் வரும். இணங்காதீர்கள்: தடம் அகலமானால் வண்டியின் வேகமும் கூடும். 30 கிலோமீட்டர் வேகம் 50 ஆனால் மோதலின் ஆற்றல் சுமார் 2.8 மடங்காகிறது.

நடைபாதையின் விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். உயரமாகக் கட்டினால் ஏறி இறங்கச் சலித்துப்போய் மக்கள் சாலையிலேயே நடப்பார்கள். சைக்கிள் பாதையை நடைபாதையைவிட 50 மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். பார்வையற்றவரின் கைத்தடிக்கு அந்த விளிம்பு தட்டுப்படும். வீட்டு கேட்டுக்கு கேட் நடைபாதையை இறக்கி ஏற்றுவது பரவலான தவறு. நடைபாதை சமமாகவே போகட்டும், கார் இடைத்திட்டில் உள்ள சரிவில் ஏறிக்கொள்ளும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும்.

கடக்கும் இடத்தில்தான் ஆபத்து அதிகம், அதனால் அங்கே கொஞ்சம் நிதானமாக வேலை செய்யுங்கள். பார்க்கிங் பட்டையை அந்த இடத்தில் நிறுத்தி, நடைபாதை விளிம்பைத் தடம் வரை நீட்டினால் 12 மீட்டர் கடப்பது 8 ஆகும். நின்ற வண்டிகள் மறைக்காததால் ஓட்டுநருக்கும் ஆள் தெரியும். நடுத்திட்டு ஏன் 2 மீட்டர்? சைக்கிளின் நீளமே சுமார் 1.8 மீட்டர், திட்டு குறுகினால் பின்சக்கரம் தடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். சிக்னல் நேரத்தை, நடக்கும் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிடுவது திடமானவர்களுக்குச் சரி. முதியவர்களை எண்ணி 0.8 என்று வையுங்கள், 8 மீட்டருக்கு 10 நொடி வேண்டும். சாலைக்கு இறங்கும் சாய்தளம் 1:12-க்கு மேல், அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம் என்பதற்கு மேல், செங்குத்தாகக் கூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் ஜீப்ரா கோட்டை மட்டும் நம்பாதீர்கள். கடக்கும் தளத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். முனைகளில் வளைவின் ஆரத்தை 4, 5 மீட்டருக்குள் அடக்கினால் திரும்பும் வண்டி தானாக வேகம் குறைக்கும்.

பேருந்து உள்ளே ஒதுங்கி நிற்கக் குடைவு வெட்டாதீர்கள். உள்ளே போன பேருந்து மறுபடி தடத்துக்கு வரக் காத்துக் கிடக்கும். அதற்குப் பயந்து ஓட்டுநர் வெளியிலேயே நிறுத்துவார், பயணிகள் நடுத்தெருவில் ஏறுவார்கள். பார்க்கிங் பட்டையையும் இடைத்திட்டையும் சேர்த்தால் 2.75 மீட்டர் அகல மேடை கிடைக்கிறது; பேருந்து தடத்திலேயே நின்று புறப்படலாம். சைக்கிள் பாதை மேடைக்குப் பின்னால் போக வேண்டும், மக்கள் குறுக்கே நடக்கும் இடத்தில் அதை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருப்பது நல்லது. இறங்கியவர்கள் பேருந்துக்கு முன்னால் அல்ல, பின்னால் கடப்பார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறாமல் சேருங்கள்: மறுபடி தார் போடுமுன் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் அடுக்கு இரண்டு முறை ஏறினால் 150 மில்லிமீட்டர் விளிம்பில் 70-தான் மிஞ்சும். பைக்குகள் நடைபாதையில் ஏறும், மழைநீரும் ஏறும், உயர்த்திக் கட்டிய கடவை தரையோடு தரையாகிவிடும்.