ஆய்வில் சேரும் பெண்கள் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்

எச்.ஐ.வி.யையும் கர்ப்பத்தையும் தடுக்கும் மாத்திரை, பிறப்புறுப்புக்குள் வைக்கும் வளையம், ஊசி இவற்றைச் சோதிக்கும் ஆய்வில் வேலை செய்யப் போகிறீர்களா? முதலில் ‘வாய்ஸ்’ என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆய்வுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்கள் சேர்ந்தார்கள், தினமும் மாத்திரை போட வேண்டும் அல்லது பிறப்புறுப்பில் ஜெல் பயன்படுத்த வேண்டும். தவறாமல் பயன்படுத்துவதாகத்தான் பெரும்பாலோர் சொன்னார்கள், ஆனால் ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. அந்தப் பெண்கள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று பேசுவது அநியாயம். உண்மையைச் சொல்ல அவர்களுக்கு வழி இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

பிறகு அவர்களிடமே உட்கார்ந்து பேசியபோது காரணங்கள் வந்தன. இந்த மாத்திரையை யாராவது பார்த்தால் எனக்கே எச்.ஐ.வி. என்று நினைப்பார்கள், உடம்புக்கு என்ன செய்யுமோ என்ற பயம், காத்திருக்கும் அறையில் மற்ற பெண்கள் சொன்ன கதைகள். அவரவர் ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருந்தது என்பதை அவரவரிடமே காட்டிவிட்டுப் பேசியபோது பலர் இன்னும் மனம்விட்டுப் பேசினார்கள்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். ‘ஒழுங்காகப் போட்டீர்களா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ‘போன வாரம் எந்தெந்த நாள் போட முடியாமல் போச்சு, அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். மருந்து கொடுக்கும் நர்சே இதைக் கேட்காமல் வேறொருவர் தனியறையில் கேட்பது நல்லது. போடவில்லை என்று சொன்னால் சிகிச்சையோ பயணக் காசோ நின்றுபோகாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள், அப்புறமும் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், ஏனென்றால் பலருக்கு அந்த கிளினிக்தான் கிடைக்கக்கூடிய நல்ல மருத்துவம்.

பொருளை முழுதாகச் செய்து முடித்துவிட்டுப் பெண்களைக் கூப்பிடாதீர்கள். கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ‘ட்ரையோ’ ஆய்வில் மருந்தே இல்லாத மாத்திரை, வளையம், ஊசி மூன்றையும் இளம்பெண்கள் ஒவ்வொன்றையும் ஒரு மாதம் வீதம் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிகம் பேர் எடுத்தது ஊசி. டப்பா குலுங்கும் சத்தம், வீட்டில் எங்கே ஒளித்து வைப்பது, துணைவருக்குத் தெரியுமா, மாதவிலக்கு மாறுமா என்பதெல்லாம் இப்படிப்பட்ட இடத்தில்தான் வெளியே வரும், ஆய்வகத்தில் வராது.

ஒப்புதல் படிவத்தை அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் எழுதுங்கள். படித்துக் காட்டியபின் ‘புரிந்ததா?’ என்று கேட்டு நிறுத்தாமல் அவர்கள் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தனக்குக் கிடைத்தது வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம், மருந்தே கிடைத்தாலும் அது வேலை செய்யுமா என்று இன்னும் தெரியாது, அதனால் ஆணுறையை விடக்கூடாது என்பது மட்டும் தெளிவாக வர வேண்டும். துணைவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. நீங்களாக வீட்டுக்குப் போன் போடாதீர்கள், அதனால் அடி வாங்கும் பெண்கள் உண்டு.

கர்ப்பம் தரித்தால் உடனே நிறுத்திவிடுவதுதான் பல ஆய்வுகளில் வழக்கம், அதனால் கர்ப்பிணிகளுக்கு மருந்து பாதுகாப்பானதா என்ற தகவலே பல ஆண்டுகள் கிடைக்காமல் போகிறது. எச்.ஐ.வி.யைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபவிர் ஊசியைச் சோதித்த ‘பர்ப்பஸ் 1’ ஆய்வில், கர்ப்பமான பெண்கள் விரும்பினால் தொடரலாம் என்று வைத்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். கர்ப்பமானாலும் தொடர உங்கள் திட்டத்தில் இடம் உண்டா என்று நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பதையும் தொடங்கும் முன்பே எழுத்தில் வையுங்கள். கம்போடியாவில் 2004-இல் டெனோபோவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ஆய்வு தொடங்கும் முன்பே நின்றுபோனதற்கு, பாதிப்பு வந்தால் பின்னாளில் யார் மருத்துவம் பார்ப்பார்கள் என்று பாலியல் தொழிலாளர்கள் கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம். ஆய்வின்போது தொற்று வந்த பெண்ணுக்கு எந்த மருத்துவமனையில் யார் செலவில் சிகிச்சை, பொருள் வேலை செய்தால் அவருக்கு எப்போது கிடைக்கும் என்று அந்தத் தாளில் இருக்கட்டும். முடிவுகளைப் பத்திரிகைக்குச் சொல்லும் முன் அவர்களைக் கூட்டிச் சொல்லுங்கள்.