காக்ஸ் பஜாருக்குப் பெட்டி கட்டும் முன்

எதிர்வீட்டுத் தம்பிக்கு நிவாரண அமைப்பு ஒன்றில் தகவல் தொடர்பு வேலை கிடைத்திருக்கிறது. வங்கதேசம், காக்ஸ் பஜார். அங்கே இதே வேலையில் இருந்துகொண்டு லீவில் வேலூர் வந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டு, "எந்த கேமரா வாங்கட்டும்கா?" என்றான். கேமரா கிடக்கட்டும், ஒரு வாரம் காந்தி ரோட்டில் போய் உட்கார் என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அங்கே சிஎம்சி மருத்துவமனை பக்கத்துச் சந்துகளில், வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்காக வங்காளியில் போர்டு வைக்காத லாட்ஜ் குறைவு. அப்பா அப்படி ஒன்றில் கணக்கு எழுதினார். பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். நான் கற்ற முதல் வங்காளி வாக்கியம் "கோத்தாய் பேத்தா?", எங்கே வலி? கொல்கத்தாக்காரர்களிடம் தண்ணீருக்கு 'ஜோல்' என்று படித்திருந்தேன். காக்ஸ் பஜாரில் அது 'பானி'.

ஆனால் நீங்கள் வேலை செய்யப்போகும் அகதி முகாமில் அந்த வங்காளியும் முழுதாகக் கைகொடுக்காது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின் மியான்மரிலிருந்து ஏழு லட்சம் பேருக்கு மேல் ஓடி வந்த ரோஹிங்யாக்களின் மொழி, சிட்டகாங் பேச்சுக்குப் பக்கம், டாக்கா வங்காளிக்குத் தூரம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடக்காது. இரண்டு வாய் மாறி வந்த வாக்கியத்தை உடனே மேற்கோளுக்குள் போடாதீர்கள். அதே கேள்வியை வேறு மாதிரி இன்னொரு தடவை கேளுங்கள்.

காலை ஏழு மணிக்கு வண்டி ஏறினால்தான் குதுபாலோங் முகாமில் ஒன்பதுக்கு வேலை தொடங்கும். சாயங்காலம் நாலு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதாவது படம் எடுக்க உங்களுக்குக் கிடைப்பது கொடூரமான உச்சிவெயில் மட்டும். தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தால் முகத்தில் தார்ப்பாயின் நிறம் ஏறிவிடும். ஆளை வாசற்படி வரை வரச் சொல்லுங்கள். நம்மூர் திண்ணை வெளிச்சம் அங்கே கிடைக்கும். ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைத்துத் துடைத்து அலுத்துப்போகாமல், இருபது நிமிடம் பையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடியுங்கள். ஜூனிலிருந்து மழை. குன்றில் மூங்கில் படி வழுக்கும், ஷூவை மறந்துவிட்டு கம்பூட்ஸ் வாங்குங்கள்.

இனி, படம் எடுக்க அனுமதி கேட்பது. லாட்ஜ் மேஜைக்கு நோயாளியின் மகன் ஒரு படிவத்தோடு வருவான். "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்பான், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டான். கேட்டால் வைத்தியம் நின்றுவிடுமோ என்ற பயம். அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனா கொடுப்பார். முகாமில் உங்கள் எதிரே இருப்பவரும் அந்த மகன்தான். அரிசி தருகிற சட்டை போட்டவர் கேட்டால் யார் முடியாது என்பார்கள்?

நான் செய்வது இது. "வேண்டாம் என்றாலும் உங்களுக்கு வருவது எதுவும் குறையாது" என்று முதலில் சொல்வேன். எங்கள் இணையப் பக்கத்தை போனில் காட்டி, "உங்கள் முகம் இப்படி வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்பேன். பிறகு, "உங்களுக்கு ஆகாதவர் ஒருத்தர் இதைப் பார்த்தால்?" இந்தக் கேள்விக்குப் பிறகு மனசு மாறுகிறவர்கள் உண்டு. மாறினால் கேமராவை மூடிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். எடுத்தால், எடுத்த படத்தைக் காட்டி மறுபடியும் கேட்பேன். செஞ்சிலுவை அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் எழுதிக்கொண்ட நடத்தை நெறியின் பத்தாவது விதி, பாதிக்கப்பட்டவர்களை மானமுள்ள மனிதர்களாகக் காட்டு, கதியற்ற பொருள்களாகக் காட்டாதே என்கிறது. பெண்களிடம் பெண் போனால் குடிசைக்குள் கூப்பிடுவார்கள். ஓர்னா, அதாவது துப்பட்டா, எப்போதும் தோளில் இருக்கட்டும்.

ஒரு தடவை சறுக்கினேன். பெயரை மாற்றி, முகம் திருப்பி, ஜாக்கிரதையாக எடுத்த படம். பின்னால் வாசலில் குடிசை எண் பளிச்சென்று தெரிந்தது. வெளியான பிறகு கவனித்தது என் மொழிபெயர்ப்பாளர்தான். அன்றே இணையத்திலிருந்து நீக்கச் சொன்னோம், நீக்கினார்கள், அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. அன்றிலிருந்து முகத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கதவு, சுவர், கழுத்தில் தொங்கும் அட்டை. போனில் இருப்பிடப் பதிவையும் அணைத்து வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, அரிசிச் சோறுதான். கடுகெண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் நல்லெண்ணெய் ஒரு டின்னும், கொட்டை எடுத்த புளியும், அம்மா அரைத்த குழம்புத்தூளும் கொண்டு போங்கள். கருவாட்டுக்கு அங்கே 'சுட்கி' என்று பெயர், நசிரார்டெக்கில் அதைக் காயவைக்கப் பெரிய இடமே இருக்கிறது. குழம்பு பிரமாதமாக வரும். கத்திரிக்காய் மட்டும் நம் இலவம்பாடி முள்ளுக்கத்திரி ஆகாது.

வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு வேலை நாள், கடிகாரமும் நம்மைவிட அரை மணி முன்னே. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு காலை கூட்டத்தின் நடுவே, "தோசை ஊத்தினியா?" என்று போன் வரும்.

எந்த ஊர் என்று கேட்பார்கள். வேலூர் என்றதும் "சிஎம்சி!" என்று கத்திவிட்டு, டிரைவர் முதல் டீக்கடைக்காரர் வரை மாமியாரின் ஸ்கேனை எடுத்து நீட்டுவார்கள். மருத்துவ யோசனை மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள், வழி மட்டும் சொல்லுங்கள். 'காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள்' என்று வங்காளியில் அச்சடித்த சீட்டு ஒரு கட்டு என் பையில் எப்போதும் இருக்கும். தம்பிக்கும் ஐம்பது கொடுத்தேன்.