பிரசவத் தேதிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் புறநோயாளிகள் பிரிவில், புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், ஒரு கர்ப்பிணியின் அட்டையில் முதலில் எழுதியிருந்த பிரசவத் தேதியை அடித்துவிட்டு, அன்று காலை வந்த ஸ்கேன் அறிக்கையில் இருந்த தேதியை அதன் மேல் எழுதிக்கொண்டிருந்தார். பயிற்சிக் காலத்தில் நானும் அதே காரியத்தைச் செய்தவள் என்பதால், அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூட்டல் பிழை, ஆண்டை மாற்றி எழுதுவது போன்றவற்றை எவரும் தாமே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளித்த நாளைக் கேட்டு எழுதுவது

கர்ப்பக் கணக்கு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஆனால் கர்ப்பத்தையே 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. ஆகவே தேதி கேட்டால் பல பெண்கள் தலைக்குக் குளித்த நாளைத்தான் சொல்வார்கள். அது மூன்றாம் நாளாகவும் இருக்கலாம், ஐந்தாம் நாளாகவும் இருக்கலாம். 'உதிரம் முதலில் பட்டது எந்த நாள்?' என்று தனியாகக் கேளுங்கள். தேதி நினைவில்லை என்பவர்களிடம் ஆடிப்பெருக்குக்கு முன்பா பின்பா, அமாவாசைக்கு எத்தனை நாள் கழித்து என்று கேட்டு, நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதல் இரண்டு வாரத்தை விளக்காமல் விடுவது

28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏறத்தாழ 14ஆம் நாளில்தான் கருமுட்டை வெளிவருகிறது. எனவே பிரசவத் தேதிவரை 280 நாள் என்று நாம் எண்ணுவதில், கரு உண்மையில் வயிற்றில் இருப்பது சுமார் 266 நாள்தான். இதைச் சொல்லாமல் 'எட்டு வாரம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மாமியார் மருமகளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியே உள்ளே வந்து, "டாக்டரம்மா, பையன் துபாய்ல இருந்து வந்தே நாப்பத்திநாலு நாள்தான் ஆகுது, எட்டு வாரம்னு போட்டிருக்கே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். 56 நாளில் 14 நாளைக் கழித்து 42 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. கேட்காமலே ஊருக்குத் திரும்பியிருந்தால் அந்தப் பெண்ணின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் 28 நாள் என்று கொள்வது

சுழற்சி ஒழுங்காக 35 நாள் என்றால், பிரசவத் தேதியில் ஒரு வாரம் கூட்ட வேண்டும். ஒழுங்கே இல்லாதவருக்கும், பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு திரும்பும் முன்பே கருத்தரித்தவருக்கும் தொடக்க ஸ்கேனே கணக்கு.

ஒன்பது மாதமும் ஏழு நாளும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி என்று, ஜெர்மானிய மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் இந்த விதி விரல்விட்டு எண்ண எளிது. ஆனால் மாதங்களின் நீளம் ஒன்றல்ல. மார்ச் 3 முதல் நாளானால் இந்த விதி டிசம்பர் 10 என்கிறது, 280 நாளை எண்ணினால் டிசம்பர் 8 வருகிறது. செயலி ஒன்றும் அட்டை வேறொன்றும் சொல்கிறது என்று பயப்படுகிறவர்களுக்கு இதுவே விடை.

கடைசி மாதங்களின் ஸ்கேனைப் பார்த்துத் தேதியைத் திருத்துவது

இந்தத் தவற்றைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடிவதில்லை.

என் பயிற்சிக் காலத்தில் வந்த ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் நாள் மார்ச் 3. ஒன்பதாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனும் அதனுடன் பொருந்தியது. பிரசவத் தேதி டிசம்பர் 8. அக்டோபர் 28 அன்று, அதாவது 34 வாரம் 1 நாளில், எடுத்த ஸ்கேன் '31 வாரம் 1 நாள், பிரசவத் தேதி டிசம்பர் 29' என்றது. புதிய அறிக்கை, அச்சடித்த எண், இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பி, பழைய தேதியை அடித்து டிசம்பர் 29 என்று எழுதினேன். நவம்பர் 18 அன்று குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது என்று அவர் வந்தபோது, என் கணக்கில் 34 வாரம், உண்மையில் 37 வாரம். எங்கள் மூத்த மருத்துவர் அட்டையைத் திருப்பி, உள்ளே மடித்து வைத்திருந்த முதல் ஸ்கேன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் அறுவை அரங்குக்குத் தகவல் சொன்னார். பனிக்குட நீர் வற்றிப்போயிருந்தது. குழந்தையின் எடை 1.6 கிலோ. மூன்று வாரம் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்து பிழைத்தது. அந்த மூன்று வாரமும் அந்தத் தாய் கண்ணாடிக்கு வெளியே நின்றதை நான் தினமும் பார்த்தேன்.

என் பிழை எங்கே இருந்தது? ஸ்கேன் இயந்திரத்துக்குத் தேதி தெரியாது. அது தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து, அந்த அளவு சராசரியாக எத்தனையாவது வாரத்துக் குழந்தைக்கு இருக்கும் என்பதைச் சொல்கிறது. 14 வாரத்துக்கு முன் கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், தலை முதல் பிட்டம் வரை அளக்கும் நீளத்தைக் கொண்டு ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் வயதைச் சொல்லிவிடலாம். 28 வாரத்துக்குப் பிறகு அந்த வித்தியாசம் மூன்று வாரம் வரை போகலாம், ஏனென்றால் அதற்குள் பெற்றோரின் உடல்வாகு, நஞ்சுக்கொடியின் நிலை, தாயின் சர்க்கரை எல்லாம் அளவில் சேர்ந்துவிடுகின்றன. அந்த நேரத்து ஸ்கேன் 'வயது எவ்வளவு' என்ற கேள்விக்காக எடுப்பதே அல்ல. 'வயதுக்கேற்ற வளர்ச்சி உண்டா' என்ற கேள்விக்காக எடுப்பது. மூன்று வாரம் பின்தங்கிய குழந்தையைப் பார்த்து வயதை மூன்று வாரம் குறைத்தால், எடை குறைந்த சரக்குக்கு ஏற்பப் படிக்கல்லைத் தேய்த்ததாகிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகிவிடும், குழந்தை மட்டும் உள்ளே வாடிக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ள தாயின் பெரிய குழந்தைக்கு இதே தவறு எதிர்த்திசையில் நடக்கும்: தேதியை முன்னால் இழுத்து, 37 வாரம் முடிந்துவிட்டது என்று எண்ணி முன்கூட்டியே அறுவை செய்வார்கள், குழந்தை மூச்சுக்குத் திணறும்.

ஆகவே திருத்தம் ஒருமுறைதான். 9 வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கிலிருந்து ஐந்து நாளுக்கு மேல், 9 முதல் 14 வாரத்துக்குள் எடுத்தது ஏழு நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லையெனில் மாதவிலக்குத் தேதியே நிற்கட்டும். முடிவான தேதியை அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, எந்த ஸ்கேனைக் கொண்டு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தொடக்க ஸ்கேனே இல்லாமல் வந்தவருக்கு, இருப்பவற்றில் மிக முந்தையதுதான் துணை.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு

ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்த தேதியுடன் 261 நாள் கூட்டுங்கள்; எந்த ஸ்கேனும் இதை மாற்றாது.

மாதக் கணக்கில் எழுதுவது

'எட்டாம் மாதம்' என்றால் ஏழு முடிந்ததா, எட்டு முடிந்ததா என்று யாருக்கும் தெரியாது. நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியை 34 வாரத்துக்கு முன் போடலாமா என்று இரவு இரண்டு மணிக்கு முடிவு செய்யும் மருத்துவருக்கு, '33 வாரம் 5 நாள்' என்பது மட்டுமே உதவும்.